காவிரிப் பாலத்தில் ஏறும் காய்ச்சல்

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகும்போது மட்டும் ரெஜிஸின் காருக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஸ்ரீரங்கத்தில் கிளம்பிக் காவிரிப் பாலம் ஏறியதும், "ஐயையோ, முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சு!" என்று அலறுவார். மாதா கோயில் வாசலில் மனைவி ஜென்சியையும் மாமியார் சகாயம்மாளையும் இறக்கிவிட்டு, "நீங்க உள்ள போங்க. எஞ்சினை ஆறவெச்சு, தண்ணி ஊத்திட்டு வர்றேன்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார்.

அவர்கள் தலை மறைந்த பிறகு அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! வாயெல்லாம் பல். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் சந்தில் பரக்கத் அலி கடை; அங்கே ஆப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். பூசை முடிகிற நேரத்துக்கு, சட்டையில் மசாலா மணக்கத் திரும்பி வருவார். "கொழுப்பு கொஞ்சம் அதிகம்" என்று டாக்டர் வாய் தவறிச் சொன்ன நாள் முதல் வீட்டில் ஓட்ஸ் கஞ்சிதான். ஆறு நாளும் கஞ்சி குடிக்கிற மனுஷனுக்கு ஏழாம் நாள் ஒரு கிண்ணம் பாயா கூடவா கிடைக்கக் கூடாது? அந்தக் கிண்ணத்துக்காகத்தான் ரெஜிஸ் உயிர் வாழ்ந்தார்.

உண்மையில் காருக்கு ஒரு சூடும் கிடையாது. அரியமங்கலம் மெக்கானிக் தைரியராஜ் எப்போதோ சொல்லிவிட்டார்.

"எஞ்சின் தங்கம் சார். சூடு பார்க்கிற சென்சார்தான் போச்சு. பச்சைத் தண்ணியையும் கொதிக்குதுன்னு சொல்லும். அதான் சாவி போட்டதுமே முள்ளு சிவப்புல நிக்குது, ஃபேனும் ஓடுது. மாத்திடலாமா?"

"அவசரமே இல்ல தைரியராஜ்!" என்றார் ரெஜிஸ். தனக்காகப் பொய் சொல்ல ஓர் ஆள் அமைவது சாதாரண அதிர்ஷ்டமா?

போன சனிக்கிழமை அவர் சலூனுக்குப் போய்விட்டு வந்தார். காருக்கடியில் பச்சையாக ஏதோ சிந்திக் கிடந்தது. கோலப்பொடி கரைந்திருக்கும் என்று தாண்டி உள்ளே வந்தார். அடுப்படியில் ஜென்சி. பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ் எடுக்கிறவள். ரெஜிஸின் காபி டம்ளரில் கொதிக்கிற தண்ணீர், அதற்குள் ஒயர் கட்டிய ஒரு பித்தளைத் துண்டு, பக்கத்தில் மல்டிமீட்டர்.

"என்ன இது, என் டம்ளர்ல?"

"தெர்மிஸ்டருங்க. சூடு ஏறினா ரெசிஸ்டன்ஸ் குறையணும், ஆறினா கூடணும். இது அசையவே மாட்டேங்குது. ஐஸ் தண்ணியில போட்டேன், அப்பவும் கொதிக்குதுங்குது."

"அப்படின்னா?"

"பொய் சொல்லுதுங்க."

"பொய் சொல்றதை எதுக்கு வெச்சுக்கிட்டு? வேற மாத்து!" என்று நீதிபதி மாதிரி தீர்ப்புச் சொன்னார் ரெஜிஸ்.

"மாத்திட்டேங்க" என்றாள் ஜென்சி, ரொம்ப அடக்கமாக.

பிள்ளைகளின் பிராக்டிகல் சாமான் போலிருக்கிறது என்று நினைத்து அவர் டம்ளரைக் கழுவப் போட்டார்.

மறுநாள் கார் கிளம்பியபோது ஃபேன் இரையவில்லை. ரெஜிஸ் அதைக் கவனிக்கவில்லை. அவர் நெஞ்சில் பாயா கொதித்துக்கொண்டிருந்தது. வழக்கமாகப் பின்னால் உட்காரும் ஜென்சி இன்று முன்னால் உட்கார்ந்திருந்தாள். அதையும் யோசிக்கவில்லை. பாலம் வந்தது.

"ஐயையோ, முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சு!"

"அப்படியாங்க?" என்றாள் ஜென்சி.

சகாயம்மாள் பின் ஸீட்டிலிருந்து கண்ணாடியைச் சரி செய்துகொண்டு எட்டிப் பார்த்தார். "எங்க, மாப்பிள்ளை? நடுவுலதான நிக்குது?"

ரெஜிஸ் ரொம்ப நாளைக்குப் பிறகு முள்ளைப் பார்த்தார். அது நடுவில் சமர்த்தாக நின்றது.

"மாதாவே!" சகாயம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வாராவாரம் இந்தக் காருக்காக மெழுகுதிரி ஏத்தினேன். கேட்டுட்டாங்க! காருக்குச் சூடு இறங்கினா, எங்க மாப்பிள்ளை வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவாருன்னு நேர்ந்திருந்தேன்."

"நடந்தா?" ரெஜிஸுக்குச் சூடு ஏறியது. "அத்தை, அந்த எஞ்சின் சூடே ஆகல. வெறும் சென்சார் கோளாறுதான்..."

"அப்படியாங்க? அது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றாள் ஜென்சி.

ரெஜிஸ் வாயைத் திறந்தார். எப்போது என்று சொன்னால் பேச்சில் தைரியராஜ் வருவார். தைரியராஜ் வந்தால் பின்னாலேயே பாயாவும் வரும். வாயை மூடிக்கொண்டார்.

"சும்மா... ஒரு யூகம்."

"யூகம்தானங்க? அப்ப அம்மா நேர்ந்தது நேர்ந்ததுதான்."

"கார்தான் நல்லாயிடுச்சே அத்தை. எல்லாரும் கார்லயே போயிட்டு வந்துடலாமே?"

"மாதாகிட்ட பேரம் பேசுவாங்களா மாப்பிள்ளை?"

ரெஜிஸ் வசமாக மாட்டிக்கொண்டார். ஜென்சி கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய அந்தப் பித்தளைத் துண்டை எடுத்து அவர் எதிரே டேஷ்போர்டில் வைத்தாள். பிறகு அன்பாக அவர் தோளைத் தட்டினாள்.

"உங்களைத் தனியா விடுவோமாங்க? நீங்க நடங்க, நான் பின்னாடியே காரை ஓட்டிட்டு வர்றேன். வழியில பாயாக் கடை வந்தா ஹாரன் அடிக்கிறேன், திரும்பிப் பார்க்காம நடங்க."