திருகாணியும் ட்ரைலோபைட்டும்

தேதி விஷயத்தில் நான் தவறியது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். அந்த ஒரு முறையில், முன்பின் தெரியாத ஒருவரின் ஈரக் காலடியில் குப்புற விழுந்து கிடந்தேன். எழுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீடியோவும் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு நாட்குறிப்பு எழுதும் வியாதி உண்டு. மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் எந்தத் தேதியில் நின்றது, எந்தத் தேதியில் மறுபடி ஓடியது, ஒவ்வொரு வருஷமும் முதல் மழை எத்தனை மணிக்கு வந்தது, எல்லாம் என்னிடம் இருக்கிறது. (என் கல்யாணத் தேதியைக் கேட்டால் கிழமை, நட்சத்திரம், அன்றைக்கு ரயில் எத்தனை நிமிஷம் தாமதம் என்பதுவரை சொல்வேன். என் மனைவி சுதா இதை அன்பு என்று எடுத்துக்கொள்வதில்லை.) இப்படிப்பட்டவன் தேதிகளைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனால் எங்கே போய் நிற்பான்? மராட்டியப் பேஷ்வாக்கள், குகைக் கோயில்கள் என்று படித்துக்கொண்டே போய், ஐம்பதாவது வயதில் நாற்பத்தைந்து கோடி வருஷத்துக்கு முந்தைய ஒரு கடலில் விழுந்தேன். அங்கேதான் எனக்கு ட்ரைலோபைட் அறிமுகமானது.

கடலடியில் ஊர்ந்து திரிந்த ஓட்டுப் பிராணி அது. நீளவாக்கில் மூன்று பாகமாகப் பிரிந்த உடம்பு, குறுக்கே வரிவரியாக எலும்பு போன்ற கோடுகள். மரவட்டைக்கும் நண்டுக்கும் பிறந்தது போல இருக்கும். டைனோசர் தலைகாட்டுவதற்கு முன்பே பூண்டோடு போய்விட்டது. இப்போது கல்லாகத்தான் கிடைக்கும்.

அதைத் தேடிப் போக ஒரு குழு அமைத்தேன். மொத்தம் நாலு பேர். செம்பூரில் ஒரு பள்ளியில் முப்பத்தொரு வருஷம் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற விஜயா டீச்சர். தாராவியில் கல் அறுத்துப் பாலிஷ் போடும் பட்டறை வைத்திருக்கும் காஜா பாய். நான். நாலாவது சுதா. அவள் சேர்ந்தது ஆர்வத்தால் அல்ல, என்னைத் தனியாக அனுப்பப் பயந்து.

இமயமலையில் ஸ்பிடி பள்ளத்தாக்குப் பக்கம் ட்ரைலோபைட் உண்டு என்று படித்து, பதினோரு பக்கத்துக்குப் பயணத்திட்டம் தயாரித்தேன். எந்த நாள் எத்தனை மணிக்கு எங்கே பல் தேய்ப்பது என்பதுவரை அதில் இருந்தது. டீச்சரின் டாக்டர் ஒரே வரியில் அதை முடித்துவைத்தார். பலவீனமான இதயத்தோடு அத்தனை உயரத்துக்குப் போகக் கூடாது.

செய்தியை டீச்சர் மாட்டுங்கா காபி ஓட்டலில் வைத்துச் சொன்னார். "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க ரவி. நான் போர்டுல ஆயிரம் தடவை வரைஞ்சிருப்பேன். ஒண்ணைக்கூடக் கையால தொட்டதில்ல. ஃபோட்டோ எடுத்துட்டு வாங்க, போதும்."

காஜா பாய் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "எதுக்கு சார் இமயமலை? நடந்து போற தூரத்துல ஒண்ணு கெடக்கே."

"மும்பை முழுக்க எரிமலைக் குழம்பு இறுகின பாறை, பாய். இதுல வாய்ப்பே இல்லை."

"பாறைய யாரு சொன்னா? தரையச் சொல்லுதேன்."

இந்தத் தெருக்கோடியில் இருக்கும் கல்யாண மண்டபத்துக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கப்பலில் வெளிநாட்டுக் கல் வந்ததாம். செங்கல் நிறச் சுண்ணாம்புக்கல். பாலிஷ் போட்டவர் காஜா பாய். "ஒரு கல்லுல பூரான் கணக்கா ஒண்ணு. மூணு வரி. தேய்க்கத் தேய்க்கப் போகல. டேமேஜ் கல்லுன்னு ஓனர் சத்தம் போடுவாரேன்னு நானும் வாயத் தொறக்கல."

டீச்சர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "எந்த இடத்துல?"

"அதான் ஞாபகம் இல்ல டீச்சர். மேடைப் பக்கம்னு நெனைக்கேன். இல்லன்னா வாசப் பக்கம்."

அப்போதே எழுந்து ஓடினோம். டீச்சர்தான் முன்னால். மண்டபத்தின் மராத்திக்கார மேனேஜர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த மாதம் அந்தத் தரையை உடைத்து வெள்ளை டைல் போடப் போகிறார்கள், உடைத்ததெல்லாம் லாரியில் ஏறிப் பள்ளம் நிரப்பப் போய்விடும் என்றார். ஹால் காலியாக இருக்கும் நாளில் வந்து, வேண்டிய கல்லில் ஒரு குறி போட்டுவிட்டால், அதை மட்டும் முழுசாகப் பெயர்த்துத் தரச் சொல்வதாக ஒப்புக்கொண்டார்.

நாள் குறிக்கும் வேலை, சந்தேகமென்ன, எனக்கு. உடைப்பது ஆடி பத்து. நாங்கள் போவது ஆடி ஒன்பது, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி.

"மேனேஜருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கிடலாமே சார்?" என்றார் காஜா பாய்.

"ஆடியில எந்தத் தமிழன் மண்டபம் எடுப்பான், பாய்? காலண்டர் இருக்கறச்சே போன் எதுக்கு?"

(இந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில் இன்றைக்கும் என் குரலிலேயே சொல்லிக்காட்டுவார்கள்.)

ஆடி ஒன்பது காலை மண்டப வாசலில் இரண்டு வாழைமரம் நின்றது. உள்ளே நாதஸ்வரம். காஜா பாய் என்னைப் பார்க்காமல் நாகரிகமாக வானத்தைப் பார்த்தார். வரவேற்புப் பலகையில் பெரிய எழுத்தில், வைத்தியநாதன் தம்பதியின் சஷ்டியப்தபூர்த்தி.

ஆடியில் யாரும் கல்யாணம் செய்துகொள்வதில்லை. ஆனால் ஆடியில் பிறக்கிறார்கள். பிறந்தவர்களுக்கு அறுபது நிறையும்போது, பிறந்த மாதத்தில், பிறந்த நட்சத்திரத்தில்தான் அதைக் கொண்டாடுவார்கள். பன்னிரண்டு மாதத்துப் பஞ்சாங்கமும் மனப்பாடமாகத் தெரிந்த நான், மனிதர்கள் பிறப்பார்கள் என்பதை மறந்துபோயிருந்தேன்.

மேனேஜர் கையை விரித்தார். ஹாலை எடுத்தவர்கள் காலி செய்வது மூன்றே முக்காலுக்கு. உடைக்கிற ஆட்கள் ஒரு நாள் முன்னதாகவே, இன்றைக்கு நாலு மணிக்கே வருகிறார்கள். எங்களுக்குக் கால் மணி நேரம். அந்த ஹாலில் எழுநூறு கல்லாவது இருக்கும்.

"போயிடலாம் ரவி," என்றார் டீச்சர். கையில் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை இறுக்கிப் பிடித்திருந்தார். கல் ஈரமானால்தான் உள்ளே இருப்பது பளிச்சென்று தெரியும் என்று வீட்டிலிருந்து நிரப்பிக்கொண்டு வந்திருந்தார்.

அந்தப் பாட்டிலைப் பார்த்தபிறகு எனக்கு வீரம் வந்துவிட்டது. "உள்ள போறோம்," என்றேன்.

"யாருன்னு கேட்டா?" என்றாள் சுதா. "கல்யாணமா இருந்தாலாவது பொண்ணாத்துக்காரா நம்மள மாப்பிள்ளை ஆத்துக்காரான்னு நினைச்சுப்பா. இங்க எல்லாம் ஒரே குடும்பமாச்சே."

இருந்தாலும் முதலில் நுழைந்தவள் அவள்தான். ஐந்தாவது நிமிஷம் நாலு பெண்களோடு உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டு, யாருடைய நாத்தனாரைப் பற்றியோ கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். காஜா பாய் டேப்பை எடுத்து வாசல் பக்கத்தை அளக்க ஆரம்பித்தார். டேப் வைத்திருக்கும் ஆளை மும்பையில் யாரும் கேள்வி கேட்பதில்லை. டீச்சர் ஓரமாக நாற்காலி போட்டுக்கொண்டு காலடியில் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். (பன்னீர் என்று நினைத்து இரண்டு பேர் முகத்தை நீட்டினார்கள். அவர்களுக்கும் தெளித்தார்.) மேடைப் பக்கம் என் பொறுப்பு. பூதக்கண்ணாடி, டார்ச், சாக்பீஸ் சகிதம் நாற்காலிகளுக்கு அடியில் தவழ்ந்தேன்.

நாலாவது வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பச்சைப் பட்டுப்புடவை வந்து நின்றது. வைத்தியநாதனின் அக்கா என்று பிறகு தெரிந்தது.

"என்ன தேடறேள்?"

நாற்காலிக்கு அடியில் மண்டியிட்டபடி நாற்பத்தைந்து கோடி வருஷத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது? நான் வாயைத் திறப்பதற்குள் மாமியின் கை தன் காதுக்குப் போய்விட்டது. இரண்டு வைரத் தோடும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "திருகாணியா?"

நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இந்த ஒன்பது வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"யாரும் அசையாதீங்கோ," என்று மாமி போட்ட சத்தத்தில் நாதஸ்வரம் பாதியில் நின்றது. "தோட்டுத் திருகாணி விழுந்திருக்கு. எல்லாரும் அவாவா காலடியைப் பாருங்கோ."

ஹாலில் இருந்த அத்தனை பெண்களின் கையும் ஒரே நேரத்தில் காதுக்குப் போனது. அடுத்த நிமிஷம் எழுபது பேர் தரையில். பட்டுப்புடவைகள் முட்டிபோட்டன, பஞ்சகச்சங்கள் தவழ்ந்தன, செல்போன் விளக்குகள் எரிந்தன. நியாயமாக நான் வெட்கத்தில் செத்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவ்வளவு பெரிய ட்ரைலோபைட் தேடும் படை இந்த நகரத்தில் இதற்குமுன் திரண்டிருக்காது. அவர்களுக்கு விஷயம் தெரியாது, அவ்வளவுதான்.

"யாரோடது தொலைஞ்சது?" என்று மாமி ஒவ்வொரு காதாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எல்லாக் காதும் சரியாக இருந்தது. மாமியின் பார்வை மெதுவாக என் பக்கம் திரும்பியது.

நல்லவேளையாக, சடங்கை நடத்திவைக்க வந்த வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அபிஷேகத்துக்கு நாழியாறது. திருகாணி எங்கயும் ஓடிடாது. தம்பதியை உட்கார வையுங்கோ."

மேடைக்குக் கீழே, தண்ணீர் வடியும் துளைமூடியான ஜாலிக்குப் பக்கத்தில் வைத்தியநாதனும் மனைவியும் மணையில் உட்கார்ந்தார்கள். சல்லடையைத் தலைக்கு மேல் பிடித்து, கலசம் கலசமாகத் தண்ணீரை ஊற்றினார்கள். மங்கிக் கிடந்த தரையில் தண்ணீர் பரவப் பரவ, கல் ஒவ்வொன்றாகச் சிவந்து விழித்துக்கொண்டது.

"ரவி," என்றார் டீச்சர். கூப்பிட்டது போலவே இல்லை. விரல் மட்டும் நீண்டிருந்தது.

வைத்தியநாதனின் இடது காலுக்கும் ஜாலிக்கும் நடுவில், உள்ளங்கை நீளத்தில், மூன்று பாகம். குறுக்கே வரிவரியாக விலா. ஒரு ஓரம் அவர் பாதத்துக்கு அடியில்.

பாய்ந்தேன். ஈரக்கல்லில் பாய்வது பற்றி என் பதினோரு பக்கத் திட்டத்தில் எதுவும் இல்லை. வழுக்கிக்கொண்டு போய், இரண்டு கையும் நீட்டி, தம்பதியின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

அறுபது நிறைந்தவர் காலில் விழுவது அன்றைக்கு எல்லாரும் செய்வதுதான். வைத்தியநாதன் நெகிழ்ந்துபோய் அட்சதை போட்டார். "க்ஷேமமா இருக்கணும்."

நான் எழுந்திருக்கவில்லை. சாக்பீஸால் கல்லைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். ஈரத்தில் சாக்பீஸ் கரைந்ததே தவிர எழுதவில்லை. இரண்டாம் முறையும் அட்சதை விழுந்தது. மூன்றாம் முறை அவர் குரலில் லேசான கலவரம். "போறும், எழுந்திருங்கோ."

"சார், அந்த இடது காலைக் கொஞ்சம் தூக்குங்கோ," என்றேன்.

"திருகாணி அங்கயா இருக்கு?" என்று ஓடிவந்தார் பச்சைப்புடவை மாமி.

இனி ஒளிக்க இடமில்லை. தலையில் அட்சதையோடு எல்லாவற்றையும் சொன்னேன். திருகாணி தொலையவில்லை, நாங்கள் யாருக்கும் உறவில்லை, நாலு மணிக்கு இந்தக் கல் லாரியில் போய்விடும். தூணுக்குப் பின்னால் சுதாவின் கை மட்டும் தெரிந்தது. முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் நேராக வந்து, அந்த வயதிலும், தண்ணீரிலேயே உட்கார்ந்தார். யாரையும் பார்க்கவில்லை. கல்மேல் விரலை வைத்தார். நடு மடல், இடது மடல், வலது மடல் என்று தடவிக்கொண்டே போனார். பிறகு வரிகளை எண்ண ஆரம்பித்தார். எட்டு வரை எண்ணியது கேட்டது. அப்புறம் மறுபடி முதல் வரியிலிருந்து எண்ணினார்.

சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்த வைத்தியநாதன் குனிந்து பார்த்தார். "இதுக்கு என்ன வயசு இருக்கும்?"

"சுமாரா நாற்பத்தஞ்சு கோடி, சார்."

அவர் கொஞ்சம் யோசித்தார். மனைவியைப் பார்த்தார். "அப்போ இன்னிக்கு இந்த ஹால்ல பெரியவா நாம இல்ல. எழுந்திரு."

இருவரும் மணையைவிட்டு இறங்கி அந்தக் கல்லுக்கு நமஸ்காரம் செய்தார்கள். அவர்கள் செய்தால் குடும்பம் சும்மா இருக்குமா? எழுபது பேரும் வரிசையில் நின்றார்கள். பெரியவரா சாமியா என்று தெரியாததால், கோத்திரமும் பேரும் சொல்லி அபிவாதனம் செய்யலாமா என்று வாத்தியார் மட்டும் சற்றுக் குழம்பினார்.

"சாக்பீஸ் ஈரத்துல நிக்காது சார். இத வைங்க," என்று காஜா பாய் மஞ்சளும் குங்குமமும் இருந்த தட்டை நீட்டினார். நாலு மூலையிலும் மஞ்சளைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். மூன்று பாயசத்தோடு சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினார்கள்.

மறுநாள் காலை கல்லை வாங்கிக்கொள்ள மேனேஜருக்குப் போன் செய்தேன். (கவனிக்கவும், போன் செய்தேன்.) அவர் குரல் பயபக்தியாக இருந்தது. தரை முழுவதும் உடைத்தாயிற்று. ஆனால் மஞ்சள், குங்குமம், அட்சதை, பூ எல்லாம் இருந்த கல்லின் பக்கத்தில் சுத்தியலை எடுத்துப்போக ஒரு ஆள்கூடச் சம்மதிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் போனார்களாம். "குறி போடச் சொன்னேன் சாப், பிரதிஷ்டை பண்ணச் சொல்லவில்லையே," என்றார்.

இன்றைக்கும் அந்த ஹாலில் எழுநூறு வெள்ளை டைல்களுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்புக் கல். தினமும் யாரோ பூ வைக்கிறார்கள். டீச்சர் மாதம் ஒருமுறை செம்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, உட்கார்ந்து, தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார். பக்தை என்று நினைத்து மேனேஜர் அவருக்கு நாற்காலி போடுகிறார்.

போன தை மாதம் என் பெண்ணின் கல்யாணம் அதே மண்டபத்தில் நடந்தது. தேதியை உறுதிசெய்ய மேனேஜருக்கு மூன்று முறை போன் செய்தேன். மணமக்கள் பெரியவர்களை நமஸ்கரிக்கும் நேரத்தில் சுதா அவர்களை நேராக ஜாலிப் பக்கம் அழைத்துப்போனாள். இது யார் என்று சம்பந்தி விழித்தார்.

"எங்காத்துப் பெரியப்பா," என்றாள் சுதா. "இவர் தேதி பார்த்து வெச்சதுல கிடைச்சவர்."

எல்லாரும் விழுந்து எழுந்தபின், மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு நானும் அந்தக் கல்லின்மேல் குனிந்தேன். அன்றிலிருந்து எங்களுக்கு வேண்டியவராகிவிட்ட வைத்தியநாதனின் அக்கா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் குனிந்ததைப் பார்த்ததும் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். கை காதுக்குப் போனது.