துரை விட்டுப் போன கரடி

மலாயாவின் சுதந்திர வரலாற்றை எழுதப் போகிறவர்கள் எங்கள் ஊரான காஜா பெராங்கின் கரடிப் பாதுகாப்புச் சங்கத்துக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியே தீர வேண்டும். சங்கச் செயலாளன் என்பதால் இதை நான் சொல்லவில்லை. வேறு யாரும் சொல்ல முன்வராததால் சொல்கிறேன்.

ஐம்பத்தேழில் தோட்டத்துத் துரை சீமைக்குக் கப்பலேறியபோது, முந்தின வருஷம் காட்டில் பிடித்துக் கூண்டில் அடைத்த தேன்கரடியை ஊருக்கு 'அன்பளிப்பாக' விட்டுப் போனார். கூண்டோடு தூக்கி வந்து திடலில் வைத்தோம். சங்கம் கண்டு, ராஜரத்தினத்தைத் தலைவராக்கினோம். சுதந்திரம் வேண்டி மேடை மேடையாகத் தொண்டை கிழியப் பேசியவர். அவரை விடப் பொருத்தமான ஆள் ஏது?

கரடி நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்று தலையை ஆட்டியது. 'கரடி நடனம்' என்று பலகை மாட்டினோம். கூட்டம் அலைமோதியது.

திடலுக்கு எதிரே குடியிருந்த தாதி கமலவேணி மட்டும் சங்கக் கூட்டத்துக்கே வந்துவிட்டாள்.

"அது ஆடல, தலைவரே. அதுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. தன் காலையே கடிச்சுப் புண்ணாக்கி வச்சிருக்கு. என் தம்பிகிட்ட லோரி இருக்கு. ஜாசின் காட்டுல விட்டுரலாம்."

"விட்டா எப்படிப் பொழைக்கும், மிஸ்ஸி? அதுக்கு இன்னும் பக்குவம் வரலியே."

"வெள்ளைக்காரனும் நம்மளப் பத்தி இதையேதான் சொன்னான்."

சபையில் 'ஆழ்ந்த சிந்தனை' நிலவியது. அதாவது, எல்லாரும் தேநீரைக் குடித்தோம்.

"கூண்டுல என்ன குறைச்சல்? நானே உள்ள உக்காந்து காட்டுறேன்!" என்று தலைவர் எழுந்தார்.

கரடியைக் கூண்டின் பின்னறைக்குத் தள்ளி அடைத்துவிட்டு, நாற்காலியோடு உள்ளே போனார். கமலவேணி வெளியே தாழ் போட்டாள். பள்ளி விட்ட நேரம். பிள்ளைகள் கையிலிருந்த கச்சாங் பூத்தேக் கடலையை வீசினார்கள். "இது ஆடாதா?" என்று கேட்டாள் ஒரு சிறுமி.

தலைவர் கம்பியைப் பிடித்து உலுக்கினார். "திற, மிஸ்ஸி! எல்லாரும் பாக்குறாங்க!"

"பாக்கத்தானே ஐயா வச்சிருக்கோம்."

வெளியே வந்தவர் முகம் வெளுத்திருந்தது. மனம் இளகிவிட்டது என்றே நினைத்தோம். அன்று மாலையே அவசரத் தீர்மானம் வந்தது: சங்க உறுப்பினர் எவரையும் இனிக் கூண்டில் அடைக்கக் கூடாது. ஏகமனதாக நிறைவேறியது. கரடி உறுப்பினர் அல்ல.

சுதந்திர தினத்தன்று, கொடி ஏற்றிய கையோடு தலைவர் நேரே கூண்டருகே வந்து பூட்டைக் கழற்றினார். கமலவேணிக்குக் கண் கலங்கிவிட்டது. லோரியை எடுத்துவரத் தம்பியிடம் ஓடினாள். கூட்டம் கைதட்டியது.

பூட்டில் 'இங்கிலாந்தில் செய்தது' என்று பொறித்திருந்தது. தலைவர் அதைத் தூர வீசி எறிந்தார். பிறகு, "மெர்டேக்கா!" என்று சுதந்திர முழக்கமிட்டபடியே, நம்மூர்க் கொல்லர் அடித்த புதுப் பூட்டைப் போட்டுப் பூட்டினார்.