மிராபெலுக்கு ஒரு மச்சான்

என் வாழ்க்கையில் நான் ஒரேயொரு கல்யாணம்தான் பேசி முடித்திருக்கிறேன். பெண்ணுக்கு நாலு கால், எண்ணூறு கிலோ எடை, பால் போன்ற நிறம். மாப்பிள்ளையை நான் நேரில் பார்த்ததே இல்லை. (பெண்ணும் பார்க்கவில்லை, கடைசிவரைக்கும்.) அந்தச் சம்பந்தம் எப்படி முடிந்தது என்று சொன்னால் இனி எனக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். முன்பும் யாரும் கொடுக்கவில்லை என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

ஐரோப்பாவில் லா ஷோ-து-ஃபோன் என்ற நகரத்தில் ஒரு கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஆட்களைக் குறைத்தபோது முதலில் குறைந்தவன் நான். நகரத்துக்கு மேலே மலையில் அந்திரே என்பவரின் மாட்டுப் பண்ணைக்கு ஓர் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, மூன்று மாதத்துக்கு என்று போனேன். இன்னும் இறங்கவில்லை.

அந்திரேக்கு அப்போதே எழுபது தாண்டிவிட்டது. மனைவி காலமாகி நெடுநாள், பிள்ளைகள் இல்லை. அவர் கதைக்க மாட்டார். எனக்கு பிரெஞ்சு அரைகுறை. மேசையின் இரண்டு பக்கமும் இருந்து சூப் குடிப்போம். குளிர்காலத்தில் பனி ஜன்னல்வரை ஏறிவிடும், கரண்டி கோப்பையில் முட்டுகிற சத்தம் மட்டும் வீட்டில் கேட்கும். தனிமை தாங்க முடியாத நாட்களில் கொட்டிலுக்குப் போய் மாடுகளோடு தமிழில் கதைப்பேன். அவை காதையாவது ஆட்டும். அந்திரே அதுவும் செய்ய மாட்டார்.

அவரிடம் இருந்தவை ஷரோலே மாடுகள். இறைச்சிக்காக வளர்க்கிற, அலுமாரிபோல் உடம்புள்ள வெள்ளை இனம். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அந்தப் பகுதியில் கன்றுகளின் கண்காட்சி நடக்கும். பரிசு, கழுத்தில் கட்டுகிற மணி. அந்திரேயின் கொட்டில் உத்தரத்தில் இரண்டாம் பரிசு மணிகளும் மூன்றாம் பரிசு மணிகளும் வரிசையாகத் தொங்கின. நடுவில் ஓர் ஆணி மட்டும் வெறுமையாக இருந்தது. முதல் பரிசு மணிக்கென்று அவருடைய மனைவி கல்யாணமான வருடமே அடித்து வைத்த ஆணி அது. இதை அவர் சொல்லவில்லை. மாடுகளுக்குச் சினை ஊசி போட வருகிற இசபெல் சொன்னாள். இரண்டு வருடத்தில் பண்ணையை விட்டுவிடப் போகிறார், அதனால் மிராபெல் என்ற அவருடைய நல்ல பசு அடுத்துப் போடுகிற கன்றுதான் அந்த ஆணிக்குக் கடைசி வாய்ப்பு என்றும் சொன்னாள்.

அந்த ஜூனில் அந்திரேக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை. ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது மேசையில் ஒரு புத்தகத்தை வைத்தார். பக்கத்துக்கு ஒரு நாம்பன், சினை ஊசிக்கான பொலிகாளை: படம், தாய் தகப்பன், பாட்டன் பாட்டி, எடை, உயரம். மூன்று பக்கங்களில் பென்சிலால் சரி போட்டிருந்தார்.

"மிராபெல் கத்தத் தொடங்கினா இசபெலைக் கூப்பிடு. எந்த நாம்பன் எண்டு நீயே பார். உனக்குக் கண் இருக்குத்தானே" என்றார். (அவர் சொன்னது பிரெஞ்சில். என் நினைவில் எல்லோரும் எங்கள் ஊர்த் தமிழில்தான் கதைக்கிறார்கள்.)

அவர் என்னிடம் ஒரே மூச்சில் அவ்வளவு கதைத்தது அதுதான் முதல் தடவை. இந்த நாட்டில் என்னை நம்பி யாரும் எதையும் தெரிவு செய்யச் சொன்னதில்லை.

பத்தாம் நாள் காலை மிராபெல் கத்தத் தொடங்கினாள். சினைப்பருவம் வந்துவிட்டது, அன்றைக்குள் ஊசி போடவேண்டும். ரெனான் என்ற ஊரில் இருக்கிற என் அக்காவுக்குப் போன் எடுத்தேன். எட்டு வருடமாக எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். என் குறிப்பைப் பார்க்காத சாத்திரியார் ஐரோப்பாவில் இல்லை. கிரகம் பொருந்தினால் பெண் வீட்டாருக்கு மாட்டுப்பட்டி பொருந்தாது.

"அக்கா, அவசரமா ஒரு சம்பந்தம் பாக்கவேணும்."

"ஆருக்கு, உனக்கோ?" அக்காவின் குரலில் பத்து வயது குறைந்தது.

"மாட்டுக்கு."

ஒரு பெருமூச்சு கேட்டது. "சரி, சொல்லு. ஒண்டையாவது முடிச்சு வைச்ச திருப்தி இருக்கட்டும்."

சரி போட்ட மூன்று பேரின் படத்தையும் அனுப்பினேன். முதலாமவனைப் பார்த்ததும், "நெஞ்சை நிமித்திக்கொண்டு நிக்கிற நிலையைப் பார். இவன் பொம்பிளையை மதிக்கமாட்டான்" என்றாள். இரண்டாமவனின் பூர்வீகம் பிரான்சில் எங்கோ ஒரு மூலை. "விசாரிக்க ஏலாத இடம், விடு." மூன்றாமவன் எல்லா விதத்திலும் திறம். ஒரேயொரு குறைதான்.

"இவன் செத்து நாலு வருசமாம், அக்கா."

"செத்தவனுக்கோ கட்டிக் குடுக்கிறது?"

"ஊசிக்குரியதைக் குளிருக்குள்ள பத்திரமா வைச்சிருப்பினம். அதுக்கு ஆள் உயிரோட இருக்கத் தேவையில்லை."

"விசர்க்கதை கதையாதை. விடியக்காலமை தாலியறுத்த பேச்சு."

மூன்று வரனும் தட்டிப்போயிற்று. போனை வைத்துவிட்டுப் புத்தகத்தை நானே புரட்டினேன். நாற்பதாவது பக்கமளவில் எக்லேர் என்று ஒருவன். சரி போடவில்லை. ஆனால் அவனுடைய தகப்பனின் தகப்பன் பெயர் பரோன். எங்கோ பார்த்த பெயர். ஓடிப்போய் மிராபெலின் அட்டையை எடுத்துப் பார்த்தேன். அவளுடைய தாயின் தகப்பனும் அதே பரோன். அதாவது எக்லேரின் தகப்பனும் மிராபெலின் தாயும் அண்ணன் தங்கை. அதாவது எக்லேர், மிராபெலுக்குத் தாய்மாமன் மகன். முறை மச்சான்.

எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. மாமன் மகன் இருக்கும்போது எங்கள் ஆட்கள் வெளியில் தேடுவார்களா?

இதில் வெட்கத்தை விட்டுச் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. எனக்கும் ஒரு மச்சாள் இருந்தாள். மாமாவின் மகள், சின்ன வயதிலிருந்தே சொல்லி வைத்த சம்பந்தம். என் வதிவிட அனுமதிக்காக ஐந்து வருடம் காத்திருந்தாள். பிறகு கனடாவுக்குக் கல்யாணம் முடித்துப் போய்விட்டாள். அதில் யார்மீதும் பிழை இல்லை. ஆனாலும் அன்று அந்தக் கொட்டிலில் நின்றுகொண்டு, எனக்குத் தவறிப்போனது இந்த மாட்டுக்காவது கிடைக்கட்டும் என்று நான் மனதார நினைத்தேன். கண்கூடக் கலங்கியது. (முப்பத்தெட்டு வயது ஆம்பிளை, மாட்டின் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு.)

மறுபடி அக்காவுக்கு எடுத்தேன். "மச்சானோ? இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. சொந்தம் விட்டுப் போகாது. முடி" என்றாள்.

அந்திரே ஏன் அந்தப் பக்கத்தில் சரி போடவில்லை என்று ஒரு கணம் யோசித்தேன். கண்ணாடி போடாமல் பார்த்திருப்பார், பாவம் என்று முடிவு செய்தேன்.

இசபெல் பின்னேரம் வந்தாள். கணினியில் பெயரைத் தட்டியவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இது ரெண்டும் சொந்தம். தெரியுமோ?"

"தெரியும்" என்றேன், ஒரு பெரிய மனிதச் சிரிப்போடு. "அதாலதான் தெரிவு செய்தனான்."

பெரிய பண்ணைக்காரர்கள் சிலர் நல்ல குணத்தை அழுத்தமாகக் கொண்டுவர வேண்டுமென்றே சொந்தத்துக்குள் சேர்ப்பார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். இதற்குப் பின்னால் அந்திரேயின் மூளை இருக்கிறது என்று நினைத்த இசபெல், மரியாதையோடு தலையாட்டிவிட்டு வேலையை முடித்தாள். அந்த மரியாதை எனக்குரியது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அந்திரே ஆறு கிழமை கழித்து, ஜூலைக் கடைசியில், ஊன்றுகோலோடு வந்தார். "வடிவாப் பாத்தனியோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். அவ்வளவுதான். மாப்பிள்ளையின் பெயரைக் கண்காட்சியில் பரிசு வாங்கும்போது சொல்லலாம் என்று ஊசிப் பத்திரத்தை ஒளித்து வைத்திருந்தேன். அவர் தான் சரி போட்ட மூன்றில் ஒன்று என்று நினைத்திருந்தார். எட்டு மாதம் நாங்கள் எதிரெதிரே இருந்து சூப் குடித்தோம். யாராவது ஒருவர் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

மார்ச் கடைசியில், பனி உருகாத ஒரு காலையில் மிராபெல் கன்று போட்டாள். நாகு கன்று, பெண்தான். அகன்ற முதுகு, தூண் மாதிரிக் கால்கள். அந்திரே ஊன்றுகோலை எறிந்துவிட்டு வைக்கோலில் மண்டியிட்டார். அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். உறிஞ்சுகிறதா என்று பார்க்கக் கன்றின் வாய்க்குள் விரலை வைத்தார். விரல் நின்றது. சிரிப்பும் நின்றது. கீழ்த்தாடை ஒரு விரலளவு குட்டை.

"எந்த நாம்பன்?"

பத்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். அப்போதும் எனக்கு விளங்கவில்லை என்பதுதான் வெட்கம். அவரைக் குசினி மேசைக்குக் கூட்டிப்போய், உப்புப் போத்தலைப் பரோனாகவும் இரண்டு கோப்பைகளை அண்ணன் தங்கையாகவும் வைத்து, இரண்டு கரண்டிகளை மச்சான், மச்சாள் என்று பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து விளக்கினேன். அண்ணன் தம்பி பிள்ளைகள் கட்டக்கூடாது, அண்ணன் தங்கை பிள்ளைகள் கட்டலாம் என்று விதியும் சொன்னேன்.

அந்திரே உப்புப் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். "தாடை பரோனின்ர. ஒரு பக்கத்தால வந்தா வெளியில தெரியாது. ரெண்டு பக்கத்தாலயும் வந்தா தெரியும். அதாலதான் நான் எக்லேருக்குச் சரி போடேல்லை."

அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு மனிதரின் நாற்பது வருடக் காத்திருப்பை நான் இரண்டு கரண்டியோடு முடித்துவிட்டேன். பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்று எழும்பினேன்.

"இரு" என்றார். "உங்கட ஊரில எல்லாரும் இப்பிடியோ?"

"கனபேர்."

"நீ?"

"எனக்கும் ஒரு மச்சாள் இருந்தவள். கனடாவில இருக்கிறாள், கலியாணம் முடிச்சு." அதை இந்த நாட்டில் அக்காவைத் தவிர வேறு யாருக்கும் நான் சொன்னதில்லை.

அவர் இரண்டு கரண்டிகளையும் பிரித்து வைத்தார். "அப்ப உன்ர பிள்ளையளின்ர தாடை தப்பிச்சுது" என்றார். பிறகு மனைவியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அன்று மத்தியானம் சூப் ஆறிப்போகும்வரை கதைத்தோம்.

கன்றுக்கு மச்சாள் என்று அவரே பெயர் வைத்தார். (அவர் வாயில் அது 'மஷால்'.) பதிவுப் பத்திரத்திலும் அப்படித்தான். மடியில் வாய் பிடிக்கத் தெரியாததால் முதல் மாதம் நான் போத்தலில் பால் கொடுத்தேன். கண்காட்சிக்கு யாரும் போகவில்லை. போத்தல் தேவைப்படாத நாள் வந்ததும் அந்திரே அதைக் கழுவி, அந்த ஆணியில் மாட்டிவிட்டார். இன்றும் அங்கேதான் தொங்குகிறது.

அக்கா வீட்டில் யாருக்குச் சம்பந்தம் பேசினாலும் அவளுடைய மகள், "மாமா, தாடை பாத்தாச்சோ?" என்று கேட்கிறாள். அது போகட்டும்.

அந்திரே இப்போது கீழே நகரத்தில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். பண்ணை வேறொருவரிடம். மச்சாளையும் என்னையும் அந்தப் புதியவர் வைத்துக்கொண்டார். மச்சாளுக்கு நாலு வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மேய்ச்சல் வெளியின் அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவருவாள். ஒவ்வொரு ஞாயிறும் நான் போனதும் அந்திரேயின் முதல் கேள்வி, "மஷால் எப்பிடி? வடிவாச் சாப்பிடுறாளோ?" நான் சொல்லுவேன், கொஞ்சம் உடம்பு வைத்துவிட்டாள், மழைக்கு வெளியில் போக மாட்டேன் என்கிறாள் என்று.

போன மாதம் புதிதாக வந்த தாதி ஒருத்தி இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். "எப்பவும் தனியத்தானே வாறீங்கள். ஒருநாள் உங்கட மனுசியையும் கூட்டிக்கொண்டு வாங்கோவன்" என்றாள்.

நான் அந்திரேயைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"அவள் வரமாட்டாள். தாடையை நினைச்சு அவளுக்குக் கொஞ்சம் கூச்சம்" என்றார்.

தாதி என் கையைத் தொட்டு, அதெல்லாம் ஒரு குறையே இல்லை என்று சொல்லச் சொன்னாள். சொல்கிறேன் என்றேன். அன்று பின்னேரம் மலைக்கு ஏறியதும், சொல்லவும் செய்தேன். அவள் காதை ஆட்டினாள்.