மீசைக்கார டஸ்டி

இனி ஒரு பேஸ்பால் அட்டைகூட வாங்குவதில்லை என்று எல்ராய் தன் அட்டைகள் இருக்கும் பெட்டியின் மேலேயே கைவைத்துச் சத்தியம் செய்தார். புது அடுப்புக்காக வெர்னா சேர்த்த பணத்தையெல்லாம் பழைய ஆட்டக்காரர்களின் படங்களாக மாற்றிவிட்டால், எந்த மனைவி சும்மா விடுவாள்? இருக்கிற அடுப்பில் ஒரு பர்னர்தான் எரியும். அதுவும் மனசு வந்தால்.

ஆனால், இருப்பதை எடுத்து அழகு பார்க்கத் தடையில்லையே! ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்தார். டஸ்டி மெக்கார்வியைக் காணோம்.

டஸ்டி லேசுப்பட்ட ஆளா? இடக்கைப் பந்துவீச்சாளர். பந்து எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. ஒருமுறை நடுவரின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனது. அந்த அட்டையில் எல்ராயின் தங்கை சின்ன வயதில் பென்சிலால் முறுக்கு மீசை வேறு வரைந்திருந்தாள்.

“வெர்னா, பெட்டியத் தொட்டியா?”

“நானா? கல்யாணத்தன்னைக்கே சொன்னியே, என்னைத் தொடாட்டியும் பரவாயில்ல, பெட்டியத் தொடாதேன்னு.”

“டஸ்டியக் காணோம்!”

“நேத்து மூக்குக்கண்ணாடிய ஃப்ரிட்ஜுல வச்சது யாரு?”

எல்ராய் ஃப்ரிட்ஜையும் திறந்து பார்த்தார். மறை கழன்றுவிட்டதோ?

சனிக்கிழமை தேவாலயக் கூடத்தில் அட்டைச் சந்தை. சும்மா பார்க்கத்தான் போனார். பக்கத்து வீட்டு டெல்பர்ட்டின் மேசையில் டஸ்டி சிரித்தார். மீசையோடு.

“இது ஏதுப்பா?”

“ஒரு அம்மா வித்துத் தரச் சொன்னாங்க. ஏன், தெரிஞ்ச முகமா?”

“என்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சு. இதே மீசை...”

“அந்தக் காலத்துல பென்சில் கிடைச்ச பிள்ளைங்க எல்லாம் மீசைதான வரைஞ்சாங்க!”

நியாயமாகத்தான் பட்டது. அவன் கேட்ட விலையை எல்ராய் கொடுத்தார். இது வாங்குவதில் சேராது, தொலைந்த இடத்தை நிரப்புவது என்று தனக்கே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். அட்டையைக் காலுறைக்குள் ஒளித்து, நொண்டாமல் நடந்து வீடு சேர்ந்தார்.

மறுவாரம் பந்து பிடிக்கும் கேட்சரின் அட்டையைக் காணோம். வந்த பந்தைத் தவறவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு மைதானம் முழுக்கத் தேடிய மகானுபாவர். சனிக்கிழமை அவரும் டெல்பர்ட்டின் மேசையில் இருந்தார். எல்ராய் எப்போதோ சிந்திய அதே காப்பிக்கறையோடு! உலகத்தில் எல்லோருமா ஒரே இடத்தில் காப்பி சிந்துவார்கள்? எல்ராய் பையைத் துழாவி அவரையும் வாங்கினார். யாரிடம் சொல்லி அழ? வெர்னாவிடம் சொன்னால் சத்தியம் அம்பலமாகும். மதியச் சாப்பாட்டுக் காசு போயிற்று. தூண்டிலும் விலைபோயிற்று. திரும்பத் திரும்பக் காணாமல் போன டஸ்டியை மட்டும் மூன்று தடவை வாங்கினார்.

மூன்றாவது டஸ்டியோடு வீட்டுக்குள் நுழைந்தபோது கோழி வறுபடும் வாசனை. சமையலறையில் பளபளவென்று புது அடுப்பு. நாலு பர்னரும் நீலமாக எரிந்தன.

“ஏது பணம்?”

“டெல்பர்ட்டுதான் வாராவாரம் கொண்டாந்து குடுத்தான்.”

“அவன் எதுக்கு உனக்கு...” எல்ராய்க்கு மெல்ல மெல்ல விளங்கியது. “அடிப்பாவி! அது என் டஸ்டி! நான் காசு குடுத்து...” சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

“காசு குடுத்து?”

“ஒண்ணுமில்ல.”

வெர்னா கோழியைத் திருப்பிப் போட்டாள்.

“காலுறையக் கழட்டிட்டு வந்து உட்காரு, கண்ணு. பாவம், டஸ்டி நசுங்கிடப் போறாரு.”