துணி மாற்றிய வெப்சைட்

"மனிதன் என்றைக்குத் தரையை விட்டு எழுந்து இருக்கையில் அமர்ந்தானோ, அன்றைக்குத்தான் நாகரிகம் பிறந்தது. அந்த நாகரிகத்தை இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கட்டிக் காத்து வருகிறார் எமது நிறுவனர்."

இந்த இரண்டு வாக்கியங்களையும் எழுதி முடிக்கச் சோபாக்காரருக்கு இரண்டு நாள் பிடித்தது. எழுதும்போது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். கடையில் இருந்த நாற்காலிகள் எல்லாம் ரிப்பேருக்கு வந்தவை. ஒன்றுக்குக் கால் இல்லை, ஒன்றுக்கு முதுகு இல்லை, கால் முதுகு இரண்டும் இருந்த ஒன்றுக்கு நடுவில் உட்காரும் இடம் இல்லை.

"எமது நிறுவனர்னா யாருங்க?" என்று தையல் மெஷினிலிருந்து மனைவி கேட்டாள்.

"நான்தான்."

"உங்களை நீங்களே 'எமது'ன்னு சொல்லிக்கலாமா?"

"வெப்சைட்ல அப்படித்தான். வேற யாரோ நம்மளைப் புகழ்ற மாதிரி நாமளே புகழ்ந்துக்கணும்."

மனைவி மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். நிறுவனத்தின் மொத்த ஊழியர் படையும் அவள்தான். உறை வெட்டுவது, தைப்பது, மாட்டுவது எல்லாம் அவள். ஆணி அடிப்பதும் நாகரிகத்தைக் காப்பதும் அவர்.

விஷயம் இதுதான். சினிமா தியேட்டர் மேனேஜர் ஒருவர் போன வாரம் வந்து, தியேட்டரில் நானூறு சீட் கிழிந்து கிடக்கிறது, எல்லாவற்றுக்கும் புது ரெக்சின் போட வேண்டும் என்றார். சோபாக்காரர் மூச்சு விடுவதற்குள், "ஆனா முதலாளி வெப்சைட் பார்த்துதான் ஆளை முடிவு பண்ணுவார். அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள்ள லிங்க் அனுப்பிடுங்க. அதுக்கு அடுத்த புதன்கிழமை வந்து முடிவு சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானூறு சீட் வந்தால் கடை பிழைக்கும். வராவிட்டால் எதிர்ப்பக்கம் போக வேண்டும்.

எதிர்ப்பக்கம் என்றால் எதிரே புதிதாக வந்திருக்கும் சோபா ஷோரூம். கண்ணாடிச் சுவர். வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்குப் பேனர்: 'ஏழு நாள் உட்கார்ந்து பாருங்கள்! பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள்! முற்றிலும் இலவசம்!' அது வந்த பிறகு சோபாக்காரர் கடைக்குப் பள்ளிக்கூடப் பைக்கு ஜிப் வைக்கச் சொல்லித்தான் ஆள் வருகிறது. ஷோரூம் முதலாளி நல்ல மனுஷர். "கடையை மூடிட்டா யோசிக்காதீங்க. நம்மகிட்ட ஆணி அடிக்க ஆள் வேணும். மாசச் சம்பளம், ரெண்டு செட் மஞ்சள் பனியன்" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். சோபாக்காரர் அன்றிலிருந்து மஞ்சள் நிறத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"சோபா என்ன சட்டையா, போட்டுப் பாத்துட்டுத் திருப்பிக் குடுக்க?" என்று பேனரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். பேனர் பதில் சொன்னதில்லை.

வெப்சைட்டுக்குப் பணம் இல்லை. மச்சினன் இருந்தான். மனைவியின் தம்பி. ஒரு கம்ப்யூட்டர் கடையில் ஆறு மாதம் பில் போட்டதால் குடும்பத்தில் அவனுக்குக் கம்ப்யூட்டர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"புதுசா பண்ணினா செலவு அத்தான். என்கிட்ட பழசு ஒண்ணு இருக்கு" என்றான் கம்ப்யூட்டர்.

"வெப்சைட்ல பழசு கூட உண்டா?"

"ஒரு பல் டாக்டருக்குப் பண்ணினது. ஊரெல்லாம் லிங்க் குடுத்து முடிச்சப்புறம், போட்டோவில மூக்கு பெருசாத் தெரியுதுன்னு வேண்டாம்னுட்டார். ஃப்ரேம் கல்லு மாதிரி இருக்கு அத்தான். துணியை மட்டும் மாத்திட்டாப் போதும்."

சோபாக்காரர் நெகிழ்ந்துபோனார். இருபத்திரண்டு வருஷமாக அவர் வாடிக்கையாளர்களிடம் சொல்லி வரும் அதே வாக்கியம்.

"எவ்வளவு?"

"நமக்குள்ள என்ன அத்தான். இலவசம்."

இலவசம் என்ற சொல்லுக்குப் பிறகு சோபாக்காரர் வாழ்க்கையில் எந்தக் கேள்வியும் கேட்டதில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். பல் டாக்டரிடமிருந்தே வந்த மாட்டை அவர் எதற்குப் பார்க்கப் போகிறார்?

திங்கட்கிழமை மச்சினன் துணி மாற்றினான். டாக்டர் பெயரை எடுத்து அத்தான் பெயர், டாக்டர் முகவரியை எடுத்துக் கடை முகவரி. மற்றபடி உட்கார்ந்து எழுத நேரமில்லை என்பதால், எங்கெல்லாம் 'பல்' என்று இருக்கிறதோ அங்கெல்லாம் 'சீட்' என்று மாற்றும்படி நிஜக் கம்ப்யூட்டருக்கு ஒரே உத்தரவு போட்டான். முகப்பில் இருந்த படத்தை மட்டும் தொடவில்லை. பளபளவென்று சாய்ந்து கிடந்த பல் டாக்டர் நாற்காலி.

"நாற்காலிதானே அத்தான்."

"நாற்காலிதான்" என்று சோபாக்காரர் படத்தைத் தடவிப் பார்த்தார். "ரெக்சின் உசத்தி."

பிறகு 'எமது நிறுவனர்' பக்கத்தை ஏழு தடவை படித்தார். மற்ற பக்கங்களைப் படிக்கவில்லை. அவற்றில் அவர் இல்லை.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு, கன்னத்தில் பந்து வைத்ததுபோல் வீங்கிய ஒருவர் வந்தார்.

"நாலு மணி டோக்கன்" என்றார், வாயை முழுதாகத் திறக்க முடியாமல்.

டோக்கன் போட்டுக்கொண்டு வாடிக்கையாளர் வருகிறார்! சோபாக்காரருக்குப் புல்லரித்தது. "வாங்க, வாங்க! வெப்சைட் பாத்துட்டு வந்தீங்களா? எந்த சீட்டு?"

"கீழ் வரிசை. கடைசி."

"ஆடுதா?"

"லேசா."

"ஆடிச்சுன்னா யோசிக்கவே கூடாது. பிடுங்கி, உள்ளே சுத்தம் பண்ணி, புதுசா நாலு ஆணி அடிச்சுடலாம்."

வந்தவர் சுவரைப் பார்த்தார். சுத்தியல், குறடு, கத்தரிக்கோல், கொம்பு மாதிரி வளைந்த ஆணிபிடுங்கி எல்லாம் அளவு வாரியாகத் தொங்கின. மூலையில் ஒரு பெண்மணி அரை அடி நீள வளைந்த ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"பிடுங்கறது... எப்படி?"

"குறடுதாங்க. என் சம்சாரம் ரெண்டு காலையும் அமுக்கிப் பிடிச்சுக்குவா. நான் ஒரே இழுப்பு."

பெண்மணி ஊசியோடு நிமிர்ந்து சிரித்தாள்.

வலி போய்விட்டதாகச் சொல்லிக்கொண்டே அவர் வாசல்படியை ஒரே தாவலில் தாண்டிப் போனார்.

அப்புறம்தான் மனைவி தன் போனில் வெப்சைட்டைத் திறந்தாள். சத்தமாகப் படித்தாள்.

"உங்கள் சீட் கூசுகிறதா? சொத்தை சீட்டுகளை அலட்சியம் செய்யாதீர்கள். தினமும் இரண்டு வேளை சீட் துலக்குங்கள். குழந்தைகளுக்கு முதல் சீட் ஆறாம் மாதத்தில் முளைக்கும்."

சோபாக்காரர் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் அசரவில்லை. "எல்லாத்தையும் உக்காந்து மாத்த ஒரு மாசம் ஆகும் அத்தான். தலைப்புல பளிச்சுன்னு ஓர் அறிவிப்புப் போட்டுடலாம்."

போட்டான். சிவப்பு எழுத்தில், வலமிருந்து இடமாக ஓடும்படி: 'இங்கே பல் பிடுங்கப்படாது! பல் அடைக்கப்படாது! பல் கட்டப்படாது!'

ஓடுகிற எழுத்தில் மனிதன் முழு வாக்கியமா படிக்கிறான்? 'பல்' மட்டும் பிடிபட்டது. புதன்கிழமை காலையில் ஆறு பேர். அதில் ஒருவர் அறிவிப்பை முழுதாகப் படித்தவர்.

"பிடுங்க வேணாம் சார். சும்மா பாத்துச் சொல்லுங்க."

"நான் டாக்டர் இல்லீங்க!"

"பெரிய டாக்டருங்க எல்லாம் இப்படித்தான் அடக்கமாப் பேசுவாங்க."

"டோக்கன் பொத்தானைத் தூக்குடா முதல்ல!" என்று சோபாக்காரர் போனில் கத்தினார்.

"அதைத் தூக்கினா ஃப்ரேம் விழுந்துடும் அத்தான். வேணா பேரை மாத்திடறேன்."

டோக்கன் என்பது 'இலவச ஆலோசனை' என்று மாறியது. மத்தியானம் பதினோரு பேர் வந்தார்கள். இலவசம் என்ற சொல்லுக்குப் பிறகு கேள்வி கேட்காத மனிதர் தான் ஒருவர் மட்டுமில்லை என்பது சோபாக்காரருக்கு அன்றுதான் தெரிந்தது.

"பல்லைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க, பாவம்" என்றாள் மனைவி. "நாற்காலிக் கடையில வந்தவங்க உக்கார ஒரு நாற்காலி இல்லை. வெளியில சொன்னா வெக்கக்கேடு."

"அக்கா, அதை என்கிட்ட விடு" என்றான் கம்ப்யூட்டர்.

சாயங்காலம் கடை மூலையில் ஒரு கருஞ்சிவப்பு சோபா வந்து உட்கார்ந்திருந்தது.

"ஏதுடா?" என்றார் சோபாக்காரர், ஒருவருக்கு வாய் கொப்பளிக்க உப்புத்தண்ணீர் கொடுத்துக்கொண்டே.

"இலவசம் அத்தான்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. போகிற போக்கில் ஒருதடவை அமுக்கிப் பார்த்து, "ஸ்பிரிங் பரவாயில்லை. யாரோ நல்ல நிலைமையிலேயே தூக்கிப் போட்டிருக்காங்க" என்று முடிவு கட்டினார்.

சோபா வந்ததில் ஒரு புதுத் தொல்லை. அதுவரை கால் வலித்துத் தானாகக் கிளம்பிப் போனவர்கள், இப்போது சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். வியாழனும் வெள்ளியும் ஒரு சுத்தியல் அடிக்க முடியவில்லை. சுத்தியலை எடுத்தாலே நாலு பேர் அலறினார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், வேறு வழியில்லாமல், கண்ணை மூடிக்கொண்டு தியேட்டர் மேனேஜருக்கு அதே லிங்கை அனுப்பினார் சோபாக்காரர்.

"முதலாளி முதல் பக்கத்தோட நிறுத்திக்கணும்னு வேண்டிக்கோ" என்றார் மனைவியிடம்.

"முதல் பக்கத்துலதாங்க பல்லே ஓடுது."

சனிக்கிழமை வந்தவர்களில் பருமனான ஒரு பெரியவர் தனி ரகம். தாடையைச் சுற்றித் துண்டு கட்டி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தார். "டாக்டர் இல்லைங்க" என்று சொன்னதைக் காதில் வாங்காமல் சோபாவில் சாய்ந்தார். ஐந்தாவது நிமிஷம் குறட்டை. ஒரு மணி நேரம். எழுந்ததும் சோபாவைத் தட்டிப் பார்த்தார், கைப்பிடியைத் தடவிப் பார்த்தார், துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

"சத்திரம்னு நினைச்சுட்டான் போல" என்று சோபாக்காரர் முணுமுணுத்தார்.

புதன்கிழமை வந்தது. சோபாக்காரர் காலையிலேயே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டார். பல்வலிக்காரர்களைப் பக்கத்துத் தெரு நிஜ டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போகக் கம்ப்யூட்டரை அனுப்பினார். ஐந்து மணிக்குத் தியேட்டர் மேனேஜர் வந்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"வாங்க சார். எங்க இணையதளத்தை முதலாளி பார்வையிட்டு..."

"பார்வையிட்டார். 'தினமும் ரெண்டு வேளை சீட் துலக்குங்கள்'."

சோபாக்காரருக்குக் கண்ணுக்குள் மஞ்சள் மஞ்சளாகப் பனியன்கள் பறந்தன. மனைவி மெஷினை நிறுத்தினாள்.

"நான் அப்பவே வேற ஆளைப் பாத்துடலாம்னுதான் சொன்னேன்" என்றார் மேனேஜர். "ஆனா முதலாளிக்கு அப்ப மூணு நாளாப் பல்வலி. நான் அனுப்பின லிங்கைத் திறந்தவர், இது பல் ஆஸ்பத்திரின்னு நினைச்சு, சனிக்கிழமை இங்கேயே வந்துட்டார்."

"இங்கேயா? துண்டு கட்டின பெரியவரா?"

"அவரேதான். மூணு நாளா இமை மூடாத மனுஷன், அதோ அந்த சோபாவில ஒரு மணி நேரம் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கார். வெப்சைட் கெடக்குது கழுதை, வலியிலயும் தூக்கம் வர்ற மாதிரி சீட் பண்றவன்தான் நமக்கு வேணும்னுட்டார். அந்த சோபாவைப் பண்ணின கைக்குத்தான் நானூறு சீட்டும்." மேனேஜர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "சொல்லுங்க. இது உங்க வேலைதானே?"

சோபாக்காரர் சோபாவைப் பார்த்தார். மனைவி இவரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவருக்குள் இருந்த நிறுவனர் எழுந்து நின்றுவிட்டார்.

"பின்னே?" என்றார். நெஞ்சு நிமிர்ந்தது. "இருபத்திரண்டு வருஷ அனுபவம் சார் அதுக்குள்ள இருக்கு. ஒவ்வொரு ஸ்பிரிங்கும் இந்தக் கையால முடிச்சுப் போட்டது. கைப்பிடி வளைவு மட்டும் மூணு நாள். இந்த மாதிரி வேலை இந்தத் தெருவிலேயே வேற எவனும் பண்ண முடியாது. எதிர்ல கண்ணாடி மாளிகை கட்டி வெச்சிருக்கானே, அவனால ஆகுமா? கேட்டுப் பாருங்க!"

"அப்படிச் சொல்லுங்க!" மேனேஜர் பேனாவைத் திறந்தார். "இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

சோபாக்காரர் பேனாவை வாங்கினார். வாசலில் நிழல் விழுந்தது. மஞ்சள் பனியன் போட்ட ஓர் ஆள் தள்ளுவண்டியைப் படியில் சாத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, ஏழு நாள் இன்னியோட முடிஞ்சுது. எங்க சோபாவை எடுத்துட்டுப் போகட்டுமா, இல்லை புடிச்சிருக்கா?"