இருபத்தெட்டாவது மனுவின் மகத்தான வெற்றி

அமைதிப் போராட்டத்துக்கு என்றாவது ஒரு நினைவு மண்டபம் கட்டுவார்களேயானால், அதைப் பொது நில அலுவலகத்தின் மூன்றாம் எண் ஜன்னலுக்கு எதிரில்தான் கட்ட வேண்டும். ஒரே பெண்மணி, ஒரே கோரிக்கை, இருபத்தேழு மனுக்கள்! அங்கே யாரும் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தியதில்லை. உயர்த்தினால் கேட்க ஆளும் இருந்ததில்லை.

அந்தப் பெண்மணி ஒரு தையல்காரி. தெருக்கோடிப் பொது மைதானத்தை ஒரு கட்டட முதலாளி தகரம் அடித்து வளைத்துப் போட்டுவிட்டார். முழங்கால் அறுவை முடிந்த அவள் கணவர் நடை பழகிய இடம் அது. இப்போது மனிதர் வீட்டுக்குள் தையல் மெஷினைச் சுற்றி நடக்கிறார்.

“தலை சுத்துதுடி.”

“அறவழின்னா அப்படித்தான் இருக்கும். பேசாம நடங்க.”

இருபத்தெட்டாவது மனுவோடு அவள் போனபோதும் ஜன்னல் எழுத்தர் வழக்கம்போல முத்திரை குத்தி, “கையெழுத்து முத்து முத்தா இருக்கும்மா” என்று பாராட்டினார். இருபத்தேழு முறையும் கிடைத்த ‘நடவடிக்கை’ அதுதான்.

அப்போது உள்ளே வந்தார் கறிக்கடைக்காரர். கறி மடிக்க மாதாமாதம் இங்கேதான் பழைய காகிதம் வாங்குவார். வழியில் சாணை பிடித்த வெட்டுக்கத்தி கையில் பளபளத்தது.

எழுத்தர் மேசைக்கு அடியில் போனார். இத்தனை நாளும் ‘மீட்டிங்கில்’ இருந்த அதிகாரி அறையிலிருந்து ஓடி வந்து, ஜன்னலில் கிடந்த மனுவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“உட்காருங்கய்யா! பேச்சுவார்த்தைக்கு நாங்க எப்பவும் தயார். அந்த மைதானம்தானே?”

“மைதானமா? நான் வந்தது…”

“பாதி போதாதா? சரி, முழுசும் உங்களுக்கே. இப்பவே உத்தரவு போடறேன்.”

“சார், என்ன சொல்றீங்க?”

“கோவப்படாதீங்க! தகரத்தையும் நாங்களே பிரிச்சுத் தர்றோம்.”

தையல்காரிக்குப் பொறுக்கவில்லை. “சார், அதே மைதானத்துக்கு நான் இருபத்தெட்டு தடவை…”

“ஆயுதம் இல்லாதவங்க வரிசையில நில்லுங்கம்மா.”

அவள் தன் கொள்கையை ஒரு நிமிடம் ஒதுக்கிவைத்துவிட்டு, பையிலிருந்த துணி வெட்டும் கத்தரிக்கோலை வெளியே எடுத்தாள். மேசைக்கு அடியிலிருந்து எழுத்தரின் தலை எட்டிப் பார்த்தது.

“எத்தனை அங்குலம்மா?”

“எட்டு.”

“பத்துக்குக் கீழேன்னா மனுவாத்தான் எடுத்துக்க முடியும்.”

கறிக்கடைக்காரர் கையில் உத்தரவைத் திணித்தார்கள். அவர் அதைத் தையல்காரியிடம் நீட்டினார். “எனக்கெதுக்குக்கா மைதானம்? நீங்களே வச்சுக்குங்க.”

“அப்படி விட முடியாது,” என்றார் அதிகாரி. “கைமாத்தணும்னா முறைப்படி மனு கொடுக்கணும். மூணாம் ஜன்னல்.”

அன்றே அறிவிப்புப் பலகையில் ‘மைதானப் பிரச்சினை, மக்களின் இடைவிடாத அறவழி முயற்சியால் சுமுகமாகத் தீர்ந்தது’ என்று எழுதிப் போட்டார்கள். கறிக்கடைக்காரருக்குக் கேட்டு வந்த காகிதக் கட்டும் கிடைத்தது.

மாலையில் தையல்காரி அவர் கடையில் அரைக் கிலோ எலும்புக்கறி வாங்கினாள். அது அவளுடைய பதினான்காம் மனுவில் மடித்து வந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.