குடல் கிருமிக்கு ஜாதகம்

மத்திகிரியில் அந்த ஞாயிற்றுக்கிழமை கால் வைக்க இடமில்லை. காவேரிப்பட்டினத்திலிருந்து வேன் வேனாக வந்து இறங்கினார்கள். ஷிப்ட் முடித்த கையோடு கம்பெனி யூனிபாரத்தில் வந்தவர்கள் வேறு. கல்யாண மண்டபத்து மேடையில் 'மைக்ரோபயோம் சித்தர்' திம்மப்பன் வீற்றிருந்தார். குடலில் வாழும் கிருமிகளுக்கும் ராசி, நட்சத்திரம் உண்டு என்று கண்டுபிடித்த மகான். அந்தக் கிருமிகளை வைத்துக் குழந்தைகளின் குடல் அழற்சியைத் தீர்க்கலாமா என்று டாக்டர்கள் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள், பாவம். திம்மப்பனுக்கு ஒரு நூலும் அதன் நுனியில் தொங்கும் ஒரு பித்தளைக் குண்டும் போதும்.

பிள்ளையின் மலத்தை டப்பாவில் கொண்டுவர வேண்டும். திறக்கக் கூடாது, கிருமிகள் கூச்சப்படுமாம். டப்பாவுக்கு மேலே குண்டை ஆட்டினால் எந்தக் கிரகம் பிடித்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு ஒரு பாட்டில் 'நற்கிருமித் தீர்த்தம்'. கூடவே ஒரு கட்டளை: ஆஸ்பத்திரி மாத்திரையை அன்றே நிறுத்த வேண்டும்.

அந்தக் கட்டளைதான் வினிதாவுக்குப் பயம். ஒன்பது வயது மகள் தர்ஷினிக்கு இரண்டு வருடமாகக் குடலில் புண். ரத்தமாகப் போய்த் துரும்பாக இளைத்த பிள்ளை, மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் பள்ளிக்கூடம் போகிறாள். புருஷன் ஜெகதீஷோ சித்தர் சொன்னால் இன்றே நிறுத்துவது என்ற முடிவோடு வந்திருந்தான்.

வினிதா கியர் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அங்கே புது ஆளைச் சோதிக்க ஒரு வழக்கம் உண்டு. ஒரே பீஸில் டேக்கை மாற்றி மாற்றி மாட்டி, மூன்று தடவை அளக்கக் கொடுப்பார்கள். மூன்று விதமாகச் சொன்னால் ஆள் தேறமாட்டான். அதே கணக்கில் வினிதா மூன்று டப்பாவை மேடையில் வைத்தாள். அஸ்வின், ரூபா, நபீலா என்று ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்.

குண்டு ஆடியது.

"அஸ்வினுக்குச் சனிக் கிருமி. அப்பன் வழி தோஷம். ரூபாவுக்குச் சுக்கிரக் கிருமி, சிப்ஸ் நெறையத் திங்கறா. நபீலா... அடேயப்பா, செவ்வாய்! கணக்குப் பாடம் வராதே?"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"மாத்திரைங்க சாமி?"

"மூணு பேருக்கும் இன்னிக்கே நிறுத்தும்மா."

வினிதா மூன்று மூடியையும் திறந்து காட்டினாள். முன்வரிசையில் மகனோடு உட்கார்ந்திருந்த குல்ஷன் மூக்கைப் பொத்தினாள்.

"ஏம்மா, சாணி மாதிரி இருக்குதே?"

"சாணியேதாங்க்கா. மூணும் ஒரே கன்னுக்குட்டி போட்டது. காலையில மாட்டுப் பண்ணைகிட்ட அள்ளிட்டு வந்தேன்."

திம்மப்பன் அசரவில்லை. "எல்லா உயிரும் ஒண்ணுதானம்மா!"

"அப்புறம் தோஷம் மட்டும் எப்படிங்க மூணாச்சு? கன்னுக்குட்டிக்கு எந்தக் கணக்கு வரலே?"

மண்டபம் சிரித்தது. குல்ஷன் மட்டும் சிரிக்கவில்லை. "இவரு பேச்சைக் கேட்டு எம்புள்ளைக்கு மாத்திரைய நிறுத்தி நாலு நாளாச்சே!"

"இப்பவே டாக்டருக்குப் போன் போடுங்க்கா," என்றாள் வினிதா.

அதற்குள் மகான் சமையல்கட்டு வழியாகத் தீர்த்த யாத்திரை கிளம்பிவிட்டார். ஜெகதீஷ் தலையைச் சொறிந்தான். "பாப்பாவுக்கு மத்தியான மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" வினிதாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வாசலில் ஒருவர் கவலையோடு கேட்டார்: "அப்ப, அந்தக் கன்னுக்குட்டிக்கு உண்மையிலே என்ன ராசி?"

குடலுக்குள் கோடிக் கிருமிகள் ராப்பகலாக உழைக்கின்றன ஐயா. அவற்றைச் சுமந்து திரியும் நாம் மூளைக்கும் கொஞ்சம் வேலை கொடுத்தால் என்ன?